வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு தலைவர்கள்

பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பும் நல்லொழுக்கமும் கற்றுத்தருகிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: பிள்ளை நன்றாக நடந்தால் அது பெற்றவர்களின் வளர்ப்பு, கோணலாக நடந்தால் உடனே நமக்கு போன் வரும்.

அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை நல்ல பிள்ளையாக்க என்றைக்காவது முயன்றவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். டியூஷன் எடுத்தவர்கள், லீவுக்கு வந்த நாத்தனார் பிள்ளைகளை ஒரு மாதம் மேய்த்தவர்கள், தெருவில் கிரிக்கெட் ஆடுகிறவர்களிடம் "தம்பி, கண்ணாடிப்பா" என்று கெஞ்சியவர்கள், எல்லோரும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். உங்களிடம்தான் மனம்விட்டுப் பேச முடியும். மற்றவர்களிடம் சொன்னால் "குழந்தைங்கதானே" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

நான் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு 'ஆளுமைப் பயிற்சி' எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு. பள்ளியின் தாளாளர் அரிசி மில் வைத்திருப்பவர். சென்னையில் பேத்தி படிக்கும் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போனவர், அங்கே ஒரு பொடியன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பயமே இல்லாமல் பேசுவதைப் பார்த்துவிட்டார். ஊர் திரும்பியதும் நம் பிள்ளைகளுக்கும் இது வேண்டும் என்று ஆள் தேட ஆரம்பித்தார். அப்போது நான் என் கணவரின் அண்ணன் நடத்தும் லாட்ஜில் ரிசப்ஷனில் உட்கார்ந்து, பௌர்ணமிக்குப் பௌர்ணமி "ரூம் இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதைவிட வேறு எந்த வேலையானாலும் சரி என்று விண்ணப்பித்தேன்.

தாளாளர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். "ஆண்டு விழா வரைக்கும் பாக்கறேன் மா. பசங்க மாறணும். மாறினத நான் கண்ணால பாக்கணும். இல்லன்னா அந்த பீரியட கணக்கு சாருக்குக் குடுத்துட்டு, உங்கள லாட்ஜுக்கே அனுப்பிடுவேன். கோச்சுக்கக் கூடாது."

எனக்கு அந்த வேலை மிகவும் வேண்டியிருந்தது. லாட்ஜில் என்னை "ஹலோ", "ஏம்மா", "சாவி" என்றெல்லாம் கூப்பிடுவார்கள். பள்ளியில் முதல் நாள் ஒரு பெண் "மிஸ்" என்றபோது வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது. என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று தெரிந்ததும் ஏற்பட்ட சந்தோஷத்தை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இழக்க எனக்கு மனமில்லை. ஆகவே அந்த எட்டாம் வகுப்பை ஆண்டு விழாவுக்குள் மாற்றியே தீருவது என்று இறங்கினேன்.

தலைவர் கடைசியில் சாப்பிடுவார்

முதல் வகுப்பிலேயே பிள்ளைகளை ஆறு அணியாகப் பிரித்து, அணிக்கு ஒரு தலைவரைப் போட்டேன். "நல்ல தலைவர் தன் ஆட்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார்" என்றேன். எங்கேயோ காதில் விழுந்தது. சொல்லும்போது எனக்கே புல்லரித்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நான் ஒரு நல்ல ஆசிரியை என்று அன்றைக்கு வீட்டில் போய்ச் சொல்லவும் செய்தேன்.

திங்கட்கிழமை மதியம் ஆறு தலைவர்களும் டப்பாவைத் திறக்காமல் தங்கள் அணி சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார்கள். அதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகு, ஆறு பேரில் யார் கடைசி என்ற போட்டி வந்துவிட்டது. "நீ சாப்புடு", "இல்ல, நீ மொதல்ல சாப்புடு" என்று கல்யாண வீடு தோற்கும் உபசாரம். யார் முதலில் மூடியைத் திறக்கிறாரோ அவர் தலைவர் இல்லை என்று ஆகிவிட்டது. மணி அடித்தது. ஆறு பேரும் பட்டினியாகக் கணக்கு வகுப்புக்குப் போனார்கள். கணக்கு எடுக்கும் ஏகாம்பரம் சார் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்த வயிற்றுச் சத்தத்தை யாரோ செய்யும் கேலி என்று நினைத்து, ஆறு பேரையும் வெளியே நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து "உள்ளே வாங்கடா" என்றபோது, யார் கடைசியில் உள்ளே போவது என்று வாசலில் மறுபடியும் உபசாரம் ஆரம்பித்தது.

மறுநாள் காலை ஒரு தலைவியின் அம்மா என்னைத் தேடிவந்தார். கையில் சாப்பாட்டு டப்பா இருந்தது. "மிஸ், எங்க வீட்ல யாரும் தலைவராக வேணாம். மூடியே தொறக்காம வந்த தயிர் சாதத்த நாய் மோந்து பாத்துட்டு எங்கள ஒரு மாதிரியா பாத்துட்டுப் போவுது."

நேர்மை வாரம்

அடுத்து உண்மை பேசுவதைக் கையில் எடுத்தேன். ஒரு வாரம் முழுக்கப் பொய்யே பேசக்கூடாது, கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும் என்பது பயிற்சி. சுலபமான பயிற்சி என்றுதான் நினைத்தேன்.

நரேன் என்ற பையனின் வீடு செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம் உள்ள சந்தில் இருக்கிறது. மாடியில் மூன்று அறைகளைக் கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வாசலில் 'அறை, வெந்நீர், அமைதி, யோகா' என்று ஆங்கிலத்தில் ஒரு போர்டு. நேர்மை வாரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் அறை பார்க்க வந்திருக்கிறார். நரேனின் அப்பாவுக்கு ஆங்கிலம் கம்மி. பையன்தான் மொழிபெயர்ப்பு. அந்த அம்மாள் "வெந்நீர் வருமா?" என்று கேட்டதற்கு, "வெயில் காலத்துல வரும்" என்றிருக்கிறான். "அமைதியாக இருக்குமா?" என்றதற்குப் பக்கத்து வீட்டு மோட்டார், குரங்கு, அப்பாவின் குறட்டை மூன்றையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறான். அப்பா ஒன்றும் புரியாமல் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பதிலுக்கும் "எஸ், எஸ்" என்று தலையாட்டியிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மாள் போகவில்லை. இவ்வளவு உண்மை பேசுகிற குடும்பத்தை இந்தியா முழுக்கத் தேடியும் பார்த்ததில்லை என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டார். தங்கியவர் தினமும் எதைக் கேட்பதானாலும் பையனிடமே கேட்டார். வெள்ளிக்கிழமை நரேனின் அப்பா பள்ளிக்கு வந்து, என்னைக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "மிஸ், நேர்மைய ஸ்கூல்லயே வச்சுக்கங்க, வீட்டுக்குக் குடுத்தனுப்பாதீங்க. யோகா மாஸ்டர் யாருன்னு அந்தம்மா கேட்டா, 'எங்கப்பாதான், ஆனா அவரு குனிஞ்சா யாராவது தூக்கி விடணும்'னு சொல்லியிருக்கான்."

கண்டெடுத்த பொருள்

இதுவும் நேர்மை சம்பந்தப்பட்டதுதான். கீழே கிடக்கும் பொருளை எடுத்தால் போட்டுவிட ஓர் அட்டைப்பெட்டி வைத்தேன். போட்டவர் பெயரைக் காலை வழிபாட்டில் வாசித்துக் கைதட்டச் சொன்னேன். கைதட்டல் எவ்வளவு பெரிய போதை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் இரண்டு நாள் ரப்பரும் பென்சிலும் வந்தன. அதற்குமேல் பள்ளியில் கீழே கிடப்பதற்குப் பொருள் தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் சோரவில்லை. தலைமையாசிரியர் அறை வாசலில் விட்டிருந்த அவருடைய செருப்பு பெட்டிக்கு வந்தது. சமையல்கார அம்மாவின் கரண்டி வந்தது. ஒரு பையன் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து, "கண்டெடுத்தேன் மிஸ், பூட்டித்தான் இருந்துது" என்றான். பூட்டிய சைக்கிளைப் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தே கொண்டுவந்திருக்கிறான். அந்த உழைப்புக்காகவாவது கைதட்டலாம் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் மதியம் ஏகாம்பரம் சார் சுவரைத் தடவிக்கொண்டே என் மேசைக்கு வந்தார். என் பீரியடுக்குக் காத்திருக்கிற மனிதர் என்பதால் நான் அவரிடம் எப்போதும் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே பேசுவேன். அவரும் ஜாக்கிரதையாகவே பேசினார். "மேடம், நான் ஸ்டாஃப் ரூம்ல தூங்கல, கண்ண மூடி யோசிச்சிட்டிருந்தேன். என் கண்ணாடி என் மூக்கு மேலதான் இருந்துது. அங்கேர்ந்து கண்டெடுத்துட்டு வந்து உங்க பெட்டியில போட்டிருக்கான்."

முன்கூட்டியே மன்னிப்பு

தவறு செய்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டால் மற்றவர் மன்னிக்க வேண்டும், மன்னித்த பிறகு அதைப் பற்றிப் பேசக்கூடாது. ஒரு வெள்ளிக்கிழமை இதைச் சொன்னேன். சட்டத்தில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடிக்க வக்கீல்களுக்குக்கூட கொஞ்ச நாளாகும். எட்டாம் வகுப்புக்கு சனி ஞாயிறு போதுமானதாக இருந்தது.

பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் ஆட்டோக்காரர் திங்கட்கிழமை மாலை என்னை நிறுத்தினார். நிதானமான மனிதர். அன்றைக்கு நிதானம் இழந்திருந்தார். "மேடம், மன்னிப்பு கேட்டுட்டு அப்புறமா அடிக்கலாமா? காலையில ஏறும்போதே எல்லாத்துக்கும் சாரி சொல்லிடறானுங்கோ, அதுக்கப்புறம் பெரிய தெரு வரைக்கும் அடிச்சுக்கினே வரானுங்கோ. கேட்டா 'மன்னிச்சிட்டாங்கண்ணா, நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க'ன்றானுங்கோ."

வண்டியை எடுங்கண்ணா

நான் குடியிருப்பது கீழ்பென்னாத்தூரில். அங்கிருந்து பள்ளி வேனில்தான் போவேன். வேனில் வரும் பிள்ளைகளில் யோகேஸ்வரி என்ற பெண் கெட்டிக்காரி. ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு, எதையும் ஒருமுறை கேட்டால் போதும் என்கிற முகத்தோடு இருப்பாள். அவளை வேன் தலைவியாக்கி, வண்டி குறித்த நேரத்துக்குக் கிளம்புவதை அவள் பொறுப்பில் விட்டேன். "ஆள் பார்த்து விதியை மாற்றுகிறவர் தலைவர் இல்லை" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லியும் வைத்தேன்.

மறுவாரம் ஒருநாள் வீட்டில் குக்கர் விசில் அடிக்க மறுத்தது. ஓட்டமும் நடையுமாக வந்தேன். சாலைக்கு எதிர்ப்பக்கம் வேன் நிற்கிறது. நடுவில் ஒரு லாரி. லாரி போய்முடிவதற்குள் வேன் நகர்ந்துவிட்டது. கையை ஆட்டினேன். பின் கண்ணாடி வழியாகப் பிள்ளைகளும் எனக்குச் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்கள். அன்றைக்கு முகூர்த்த நாள், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கடைசியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போன ஒரு குட்டியானை சரக்கு வண்டிதான் நிறுத்தியது. முன்னால் விவசாயியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்ததால் எனக்குப் பின்னால் மூட்டை மேல்தான் இடம் கிடைத்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையால் கயிற்றையும் ஒரு கையால் டிபன் பையையும் பிடித்தபடி பள்ளி வாசலில் வந்து இறங்கினேன். வாசலில் தாளாளர் நின்றிருந்தார். மில்காரர் ஆயிற்றே, முதலில் மூட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வேலையில் பாதி அங்கேயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

யோகேஸ்வரியைக் கூப்பிட்டேன். திட்டுவதற்குத்தான் கூப்பிட்டேன். அவள் வரும்போதே கண் கலங்கியிருந்தது. "நீங்க ஓடியாறத நான் பாத்துட்டேன் மிஸ். பாவமா இருந்துது. ஆனா ஆள் பாத்து விதிய மாத்தக் கூடாதுன்னு நீங்க சொன்னத நெனச்சு, அழுகைய அடக்கிக்கினு 'வண்டிய எடுங்கண்ணா'ன்னு சொல்லிட்டேன்."

கொடி போகும் பாதை

ஆண்டு விழாவுக்கு முந்தைய பௌர்ணமி. கிரிவலப் பாதையில் நம் பிள்ளைகள் தண்ணீர் கொடுக்கட்டும், குப்பை பொறுக்கட்டும் என்று தாளாளர் விரும்பினார். தானும் வழக்கம்போல வெறுங்காலோடு சுற்ற வருவதாகச் சொல்லி அனுப்பினார். என் கதியை முடிவுசெய்ய நேரில் வருகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. அணிக்கு ஒரு மஞ்சள் கொடி கொடுத்து, "கொடி எங்கே போகுதோ அணி அங்கே போகணும். கொடியைக் கீழே இறக்கவே கூடாது" என்று ஒன்றுக்குப் பத்து முறை சொன்னேன். முதல் அணிக் கொடியை கோகுலிடம் கொடுத்தேன். அந்த வருஷம் முழுக்க வகுப்பில் வாயே திறக்காத பையன். பொறுப்பு கொடுத்தால் கூச்சம் போகும் என்பது என் எண்ணம்.

அடி அண்ணாமலை தாண்டுகிறவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆந்திராவிலிருந்து ஒரு பஸ்ஸில் வந்த பக்தர்கள் எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்ததை நான் கவனித்தேன், ஆனால் காரணம் புரியவில்லை. அவர்களுடைய வழிகாட்டியும் மஞ்சள் கொடிதான் பிடித்திருந்தார், அவர் டீக்கு ஒதுங்கிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. கோகுலுக்கு அந்த இடத்தில் அவசரமாக ஒன்றுக்கு வந்திருக்கிறது. என்னிடம் கேட்கக் கூச்சம். அவன் வீடு அங்கேயே ஒரு சந்துக்குள் இருக்கிறது. கொடியை இறக்காமல், உயர்த்திப் பிடித்தபடியே சந்துக்குள் திரும்பினான். அணி திரும்பியது. ஆந்திரா திரும்பியது. கிரிவலத்தில் கூட்டம் ஒரு பக்கம் திரும்பினால் மற்றவர்கள் ஏன் என்று கேட்கமாட்டார்கள், உள்ளே ஏதோ சந்நிதி இருக்கிறது என்று தாங்களும் திரும்பிவிடுவார்கள்.

கோகுல் வீட்டு வாசலில் போன வாரம் நடந்த காதுகுத்தின் மாவிலைத் தோரணம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் அதைச் சந்நிதி வாசல் என்று நம்ப அது போதுமானதாக இருந்தது. அவன் கொடியை வாசலை ஒட்டியிருந்த குளியலறைக் கதவில் சாய்த்துவிட்டு உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டான். கொடி நின்ற இடத்திலிருந்து ஒழுங்கான வரிசை உருவாகிச் சந்து முனை வரை வந்துவிட்டது. நான் கடைசியிலிருந்து இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னேறினால், வரிசையின் நடுவில் கைகூப்பியபடி தாளாளர் நிற்கிறார். "இது என்ன சந்நிதி மா? இத்தினி வருஷமா சுத்தறேன், இதப் பாத்ததே இல்லையே" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. கோகுல் வெளியே தலையை நீட்டினான். ஒரு கூட்டமே தன்னைப் பார்த்துக் கும்பிட்டபடி நிற்பதைக் கண்டதும் மறுபடி உள்ளே போய்த் தாழ்போட்டுக்கொண்டான்.

அவன் அம்மா நல்ல பெண்மணி. விஷயம் தெரிந்ததும் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிவந்து வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தண்ணீர் கொடுத்து, தனக்குத் தெரிந்த தெலுங்கில் வழி சொல்லி அனுப்பினார். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். "ஒருத்தர கூட்டினு வந்தா டீ போட்டுத் தரலாம். ரெண்டு பேரக் கூட்டினு வந்தா சோறு போடலாம். இவன் ஒரு பஸ்ஸையே கூட்டினு வந்திருக்கான், சொல்லிட்டாவது வரக் கூடாதா மிஸ்?"

மனம் நோகாமல் வேண்டாம் என்பது எப்படி

தாளாளரிடமிருந்து செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை வகுப்பில் வந்து உட்காருவார், அன்றைக்கே முடிவைச் சொல்லிவிடுவார். ஏகாம்பரம் சாரையும் வரச் சொல்லியிருந்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லாட்ஜ் ரிசப்ஷனில் என் பழைய நாற்காலிக்குப் புது உறை போட்டிருப்பதாகக் கணவர் வேறு சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

புதன்கிழமை மதியம் யோகேஸ்வரி வந்தாள். "மிஸ், பெரியவங்ககிட்ட ஒண்ணு வேணாம்னு சொல்லணும். ஆனா யாரு மனசும் நோவக் கூடாது. எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். வருஷம் முழுக்க எடுத்ததில் ஒரு பிள்ளை தானாக வந்து கேட்ட முதல் கேள்வி அது. நான் உருகிப்போனேன். வீட்டில் ஏதோ பிரச்சினை போலிருக்கிறது என்று நினைத்து, என்னவென்று துருவாமல், உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் அவர்கள் செய்ததற்கு நன்றி சொல். யாரையும் குறை சொல்லாமல் உன் கஷ்டத்தைச் சொல். வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல், பதிலுக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல். உன்னோடு இருக்கிறவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுப் பேசு. கையைப் பிசையாதே, கண்ணைப் பார். அவளை எழுந்து நிற்கவைத்து, கையை எங்கே வைத்துக்கொள்வது என்பது வரை திருத்தினேன்.

வெள்ளிக்கிழமை தாளாளர் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். ஏகாம்பரம் சார் சாக்பீஸோடு வாசலில் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் யோகேஸ்வரி எழுந்தாள். "ஐயாகிட்ட ஒரு விஷயம் பேசலாமா மிஸ்?" என்றாள். பேசு என்றேன். அவள் தாளாளர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, எங்களுக்கு இந்த பீரியடு குடுத்ததுக்கு ரொம்ப நன்றிங்க. மிஸ் நல்லா சொல்லிக்குடுக்கறாங்க, அவங்க மேல ஒரு குறையும் இல்லங்க. ஆனா வாரம் பூரா உக்காந்தே இருக்கோம். வெள்ளிக்கிழமை கடைசியில ஒழுக்கத்தையும் உக்காந்தே கேட்டா கால் மரத்துப்போவுதுங்க. அதனால இந்த வகுப்ப எடுத்துட்டு, எங்கள வெளையாட விட்டீங்கன்னா நல்லா இருக்கும். எல்லாரையும் கேட்டுட்டுத்தான் சொல்றேங்க. கணக்கு சாருக்கும் குடுக்க வேணாங்க, அவரும் அசந்துபோயிருப்பாரு."

என்னைத்தான் வேண்டாம் என்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை வைத்தே சொல்கிறார்கள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த நேரத்திலும் அவள் கை எங்கே இருக்கிறது என்று என் கண் தன்னால் தேடியது. சரியாகத்தான் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் ஒரு பெருமை வந்தது பாருங்கள், அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"யாரு மா எழுதிக் குடுத்தது?" என்றார் தாளாளர்.

"யாரும் எழுதலீங்க ஐயா. எப்படிச் சொல்லணும்னு மட்டும் மிஸ்கிட்ட கேட்டுக்கினேன்."

"எதப் பத்திச் சொல்லப் போறன்னு மிஸ்ஸுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. சொன்னா அவங்க மனசு நோவும்."

தாளாளர் பெஞ்சிலிருந்து தன்னை உருவிக்கொண்டு எழுந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "இத்தினி வருஷமா மில்லு நடத்தறேன், ஸ்கூல் நடத்தறேன். என் மூஞ்சியப் பாத்து ஒருத்தன் வேணாம்னு சொன்னதில்ல. எல்லாம் பின்னாடி போய்த்தான் பேசுவானுங்க. இந்தப் பொண்ணு நன்றி சொல்லிட்டு வேணாம்னு சொல்லுது. இவ்ளோ நல்லா வேலை செய்யற கிளாஸ எவனாச்சும் நிறுத்துவானா? வர்ற வருஷம் இவங்க ஒம்பதாவது போனாலும் கூடவே போங்க மா. புதன்கிழமையும் ஒரு பீரியடு சேத்துப் போட்டுக்கங்க."

ஏகாம்பரம் சார் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். வகுப்பில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. எல்லோரும் யோகேஸ்வரியையே பார்த்தார்கள். வேலை நிலைத்த சந்தோஷத்தில் எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு யோகேஸ்வரி மட்டும் பையை மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். அவளுக்கு என் மேல் வருத்தம் எதுவும் இல்லை, யோசனையில்தான் இருந்தாள்.

"மிஸ், அடுத்த வாரம் ஒண்ணு வேணும்னு கெஞ்சிக் கேக்கறது எப்படின்னு சொல்லிக்குடுங்க. இந்த வகுப்பு வேணும் வேணும்னு அழுதாதான் ஐயா நிறுத்துவாரு போல."

பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்பு வந்துவிட்டதா என்று கவலைப்படுகிற சக தோழர்களே, வந்துவிட்டால் அவர்கள் முதலில் நம்மைத்தான் வீட்டுக்கு அனுப்பப் பார்ப்பார்கள், நம் வேலை நிரந்தரமாவதும் அன்றைக்குத்தான்.